சிறு பிரச்சினைதான், நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன

2013 ஜூலையில் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பவுலா வென்னல்ஸுக்கு அவசரமாக ஒரு வார்த்தை தேவைப்பட்டது. கிளை அஞ்சலகங்களின் கணக்கைப் பார்க்கும் 'ஹொரைசன்' மென்பொருளை வெளியாட்கள் ஆராய்ந்து, அறிக்கை தரவிருந்த நேரம் அது. மென்பொருளில் இருக்கும் கோளாறுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் பெயர் 'பக்'. அந்தச் சொல் அவருக்கு உறுத்தியது. கேட்பவர் மனதில் எதையும் கிளறாத வேறு சொல் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தெரிந்த தன் கணவரிடம் கேட்டார். 'எக்ஸெப்ஷன்' (விதிவிலக்கு) என்றோ 'அனாமலி' (வழக்கத்துக்கு மாறானது) என்றோ சொல்லலாம் என்று பதில் வந்தது.

இந்தக் கடிதப் போக்குவரத்து 2024-ல் பொது விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் என்னென்னவோ நடந்து முடிந்திருந்தது. மென்பொருள் தப்பாகக் காட்டிய பற்றாக்குறைக்காக, கிளைகளை நடத்திவந்தவர்கள் பணத்தைக் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை விற்று இல்லாத கடனை அடைத்தார்கள். குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதல் பகுதி. இத்தனைக்கும் நடுவே, தலைமை அலுவலகத்தில் தேடப்பட்டது உறுத்தாத ஒரு சொல்.

இங்கிலீஷில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றைச் சொல்லாமல் சொல்வதற்கும், சொல்லியும் சொல்லாததுபோல இருப்பதற்கும் அந்த மொழி சேர்த்து வைத்திருக்கும் சரக்கு ஏராளம். அதில் பாதி அழகு. மீதிப் பாதியைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழ் பேச்சுவழக்கில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: நாசூக்கு, மழுப்பல். இங்கிலீஷில் வேலை பார்த்து, இங்கிலீஷில் ஒப்பந்தம் போட்டு, இங்கிலீஷ் செய்தியைத் தமிழாக்கிப் படிக்கும் ஒரு சமூகத்துக்கு, எது நாசூக்கு, எது மழுப்பல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது இலக்கணத்தைவிட முக்கியம்.

சுற்றி வளைப்பது வெள்ளைக்காரனின் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேராகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி என்று நன்னூல் என்றைக்கோ வகுத்து வைத்துவிட்டது. பிரிட்டிஷ் நாசூக்கில் விசேஷம் என்னவென்றால், பெரும்பாலும் அது இடக்கரடக்கலாகத் தொடங்கிக் குழூஉக்குறியாக முடிகிறது. உள்ளே இருப்பவனுக்கு முழு அர்த்தமும் புரியும். வெளியே இருப்பவன் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போவான்.

இதை வளர்த்துவிட்டவை சட்டங்களும் சபை விதிகளும்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. 2021 ஜூலையில், பிரதமர் போரிஸ் ஜான்சன் திரும்பத் திரும்பப் பொய் சொன்னதாகப் பேசிய டான் பட்லர் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர், சொன்னதைத் திரும்பப் பெற மறுத்ததால் அவையைவிட்டு வெளியேற்றப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து, ஜான்சன் அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று நாடாளுமன்றக் குழுவே அறிக்கை கொடுத்தது. அதிலும் கவனிக்க வேண்டியது, 'தவறாக வழிநடத்தினார்' என்ற சொல்தான் வந்தது.

வின்ஸ்டன் சர்ச்சில் இந்த வித்தையில் கெட்டிக்காரர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த சீனர்களின் நிலையை அடிமைமுறை என்று அழைத்தால் 'டெர்மினாலஜிக்கல் இன்எக்ஸாக்டிடியூட்' ஆகிவிடக்கூடும் என்று 1906-ல் அவையில் சொன்னார். கலைச்சொல்லில் துல்லியக் குறைவு என்பதுதான் அதன் நேர்ப் பொருள். அவர் அதைச் சொன்ன அர்த்தம் வேறாக இருந்தாலும், ஊர் அதைப் பொய்க்குப் பட்டுத் துணி போர்த்திய பெயராகவே எடுத்துக்கொண்டது. அந்த ஜோக்கில் சிரிக்க முடியாத ஒரு பகுதி உண்டு. பேசப்பட்டது சுரங்கத்தில் கிடந்த மனிதர்களைப் பற்றி. நினைவில் நின்றது சொல்லாட்டம்.

பத்திரிகைக்காரர்களுக்குத் தலைவலி வேறு திசையில். இங்கிலாந்து அவதூறுச் சட்டத்தில், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை எழுதியவன் தலையில். குடிகாரன் என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 1960-களில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பிரவுனின் பழக்கத்தைக் குறிக்க, 'களைப்பும் உணர்ச்சிவசமுமாக இருந்தார்' என்ற தொடரைப் 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டி இதழ் பிரபலமாக்கியது. வாசகர்களுக்குப் புரிந்தது. வக்கீலுக்கு வேலை இல்லை.

இந்த மொழியின் உட்புறத்தை நன்றாகத் திறந்துகாட்டிய நாடகம் சிட்னியில் நடந்தது. எம்ஐ-5 உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி பீட்டர் ரைட் எழுதிய 'ஸ்பைகேட்சர்' புத்தகத்தைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு தொடுத்த வழக்கு 1986-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அரசின் சார்பில் சாட்சி சொல்ல வந்தவர் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், அதிகார வர்க்கத்தின் உச்சாணிக் கொம்பில் இருந்தவர். குறுக்கு விசாரணை செய்தவர் மால்கம் டர்ன்புல் என்ற இளம் வழக்கறிஞர், பிற்காலத்தில் அந்த நாட்டின் பிரதமரானவர். ஆம்ஸ்ட்ராங் முன்பு எழுதிய ஒரு கடிதத்தை எடுத்து, இதில் பொய் இருக்கிறதே என்று பிடித்தார் டர்ன்புல். பொய் இல்லை, தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடியது என்றார் ஆம்ஸ்ட்ராங். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பொய் என்பது நேரான பொய். அப்படியானால் இது வளைந்த பொய்யா? அதற்கு ஆம்ஸ்ட்ராங், உண்மையைச் 'சிக்கனமாக'ச் செலவழிப்பது என்று யாரோ சொன்னதுபோல என்றார்.

லண்டனில் ஒரு விருந்தில் அவர் இதைச் சொல்லியிருந்தால் புன்னகையோடு போயிருக்கும். சிட்னியில் எடுபடவில்லை. அரசு வழக்கில் தோற்றது. குழூஉக்குறி குழுவைத் தாண்டினால் இதுதான் கதி.

கூண்டில் நிற்பவருக்கு மானம் மட்டும்தான் போகும். போர்க்களத்தில் கணக்கு வேறு. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில், தங்களைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படையிடம் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் மாட்டிக்கொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடி நிலைமையை அமெரிக்க மேலதிகாரியிடம் வயர்லெஸ்ஸில் சொன்னார்: 'கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது சார்.' பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் காதில் அது 'செத்துக்கொண்டிருக்கிறோம், ஏதாவது செய்யுங்கள்' என்று விழுந்திருக்கும். அமெரிக்கர் காதில், சிரமம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள் என்று விழுந்தது. பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. 500-க்கும் மேற்பட்டோர் சீனர்களிடம் கைதிகளானார்கள். ஒரு போரின் விதியை ஒரே வார்த்தையின் தலையில் கட்டுவது சரியில்லை, உதவி அனுப்ப எடுத்த முயற்சிகள் தோற்றது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் தாய்மொழி இங்கிலீஷ் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. 'வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று ஒருவர் தொடங்கினால் என்ன அர்த்தம் என்று 'யூகவ்' நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இரு நாட்டாரிடமும் கேட்டது. பிரிட்டிஷ்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், என்னை முட்டாள் என்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். அமெரிக்கர்களில் சுமார் பாதிப் பேர், நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். 'குவைட் குட்' என்ற சாதாரணத் தொடரே அமெரிக்காவில் பாராட்டு, இங்கிலாந்தில் பல நேரம் பரவாயில்லை ரகம். அவர்களுக்கே இந்த நிலை என்றால், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர்கள் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தடுமாற்றத்தின் விலை சில நேரம் மிகப் பெரியது. 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியான்கா 52 விமானம் நியூயார்க் போகும் வழியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மோசமான வானிலை, இறங்கக் காத்திருக்கும் விமானங்களின் வரிசை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்ததில் எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்தது. கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் துணை விமானி. முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்கிறது என்றார். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லும்படி கேப்டன் ஸ்பானிஷில் அவரிடம் சொல்லியிருந்தார். முதல் முறை இறங்க முடியாமல் மேலெழும்பிய பிறகு, மீண்டும் சுற்றி வர வேண்டிய தூரத்தைச் சொல்லி, உங்கள் எரிபொருளுக்கு இது சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போனது. சில நிமிடங்களில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

எரிபொருள் குறைகிறது என்பது தரையில் இருப்பவர்களுக்கு அன்றாடம் காதில் விழும் பேச்சு. எல்லா விமானமும் ஏதோ ஒரு விதத்தில் அதைச் சொல்லிக்கொண்டுதான் வரும். விதிப்படி எல்லோரையும் விலக்கி வழிவிட வைக்கும் சொற்கள் 'மேடே', 'எமர்ஜென்சி' போன்ற ஒன்றிரண்டுதான். நெருக்கடி நிலையை உரிய முறையில் தெரிவிக்காததையும் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. பதமாகப் பேசி உயிரை விட்ட இப்படிப்பட்ட சம்பவங்களைப் பார்த்துத்தான், 1980-களிலிருந்தே விமானிகளுக்குச் சுற்றி வளைக்காமல் பேசவென்று தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். மரியாதை தெரிந்தவர்களுக்கு மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது!

இதற்கு நேர் எதிரே நிற்கும் சம்பவமும் ஆகாயத்தில் நடந்ததுதான். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஜெட், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இன்ஜின்களும் நின்றன. கேப்டன் எரிக் மூடி ஒலிபெருக்கியில் பேசினார். நமக்கு ஒரு சிறு பிரச்சினை, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, மறுபடி இயக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், நீங்கள் ரொம்பவும் சங்கடப்படவில்லை என்று நம்புகிறேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சாம்பலைத் தாண்டிக் கீழே வந்ததும் இன்ஜின்கள் உயிர்பெற்றன, 263 பேரும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

இதைப் பிரிட்டிஷ் நாசூக்கின் உச்சம் என்று உலகம் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான், ஆனால் அதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'சிறு பிரச்சினை' என்றவர் அடுத்த மூச்சில் 'நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன' என்றார். உண்மையை அவர் குறைக்கவில்லை, எண்ணிக்கையோடு வைத்தார். பதற்றத்தைக் குறைக்க மட்டும் மென்மையைச் சேர்த்தார். ஏவியான்கா துணை விமானி தன்னை அறியாமல் உண்மையைப் பாதியாக்கினார். வென்னல்ஸ் தேடிய சொல், உண்மை இருந்த இடத்தில் உட்காருவதற்காகவே தேடப்பட்டது. நாசூக்குக்கும் மழுப்பலுக்கும் நடுவே கோடு இங்கேதான் ஓடுகிறது. மெல்லிய சொல்லுக்குப் பக்கத்தில் உண்மையும் இருந்தால் நாசூக்கு. உண்மைக்குப் பதிலாக மெல்லிய சொல் இருந்தால் மழுப்பல்.

இரண்டாவது ரகத்தை மொத்த வியாபாரமாகச் செய்பவை அரசுகளும் பெரிய நிறுவனங்களும். அமெரிக்கக் கார் கம்பெனிகள் 1970-களில் சிறிய கார்களைத் தயாரிப்பதற்கு வைத்த பெயர் 'டவுன்சைசிங்'. அடுத்த பத்தாண்டில் காருக்குப் பதில் ஆட்கள் குறைக்கப்பட்டார்கள், சொல் அப்படியே இருந்தது. பிறகு அதுவும் கசந்துபோய் 'ரைட்சைசிங்' வந்தது. வேலையை இழப்பவருக்கு எந்த 'சைசிங்' ஆனாலும் மாதச் சம்பளம் போவது ஒன்றுதான்.

ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசும்போது, தீவிரமான தவறுகள் 'செய்யப்பட்டன' என்றார். யார் செய்தது? வாக்கியத்தில் இடமில்லை. 2001-க்குப் பிறகு சிஐஏ கைதிகளை நீரில் மூச்சுத் திணறடித்ததற்கு 'என்ஹான்ஸ்டு இன்டெரகேஷன்', அதாவது மேம்படுத்தப்பட்ட விசாரணை என்று பெயர் வைத்தது அந்த நாட்டு அரசு. சித்திரவதை என்ற சொல்லைப் பல ஆண்டுகள் தவிர்த்துவந்த நியூயார்க் டைம்ஸ், அந்தச் சொல்லையே இனி எழுதுவோம் என்று 2014 ஆகஸ்டில் அறிவித்தது. மழுப்பலான மொழியில் அரசு அறிக்கை வெளியிடுவதில் ஆச்சரியமில்லை. பத்திரிகையும் அதையே திருப்பி எழுதியதுதான் கேவலம். அரசியல்வாதிகளின் இங்கிலீஷ் குண்டு வீச்சை 'அமைதிப்படுத்தல்' ஆக்குகிறது என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே எச்சரித்திருந்தும் இந்தத் தாமதம்.

தமிழ் வாசகனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு எட்டு மணிக்கு லண்டன் வாடிக்கையாளரோடு பேசுபவரிடம் கேட்டால் தெரியும். 'வெரி இன்ட்ரஸ்டிங்' என்ற பதிலை நம்பி ஒரு வாரம் உழைத்துவிட்டு, அந்த யோசனையில் அவருக்கு ஆர்வமே இல்லை என்று பிறகு கண்டுகொள்வது அங்கே அன்றாடக் கதை. 'பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தால், திறமையை வளர்க்கப் போகிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர் நினைப்பார். பக்கத்து இருக்கை சீனியர் அன்றைக்கே பயோடேட்டாவைத் தூசு தட்டச் சொல்லுவார்.

நம் பள்ளிகளில் இங்கிலீஷ் வினாத்தாள் இன்னும் ஒரு சொல்லுக்கு இணையான சொல்லையும் எதிர்ச்சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் மதிப்பெண் உண்டு. அப்படி மாற்றும்போது வாக்கியத்திலிருந்து காணாமல் போகும் ஆள் யார், அவரைக் காணாமல் போக்கியதில் யாருக்கு லாபம் என்று எந்த வகுப்பிலும் கேட்பதில்லை. ரீகனின் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு பீரியட் பாடம் நடத்தலாம். சாதாரணப் பிள்ளைகளுக்குப் புரியாத விஷயமே இல்லை. வீட்டில் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்துவிட்டு, 'டம்ளர் உடைஞ்சிடுச்சு' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள்தானே.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இங்கிலீஷ் அறிக்கையில் 'ரீஸ்ட்ரக்சரிங்' என்று வந்ததை 'மறுசீரமைப்பு' என்று பெயர்த்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. எத்தனை பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்று கேட்டு அதைத் தலைப்பாக்க வேண்டும். வெளிநாட்டுப் போர்ச் செய்தியில் 'கொலேட்டரல் டேமேஜ்' என்று வந்தால், குண்டுவீச்சில் பொதுமக்கள் இத்தனை பேர் இறந்தார்கள் என்றுதான் தமிழில் எழுத வேண்டும். மூலத்துக்கு விசுவாசம் என்பது மூலத்தின் மழுப்பலுக்கும் விசுவாசமாக இருப்பதில்லை.

அலுவலகமோ வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ மருத்துவமனையோ, வழவழவென்று இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். யார், யாருக்கு, என்ன செய்யப் போகிறார்கள் என்பதை ஒரே வரியில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், குறை உங்கள் இங்கிலீஷில் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கடிதத்தை அனுப்பியவரிடமே, எழுத்து மூலமாக, அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.